கரியில் வரைந்த குழாய்

தும்பியேந்தலில் அதுவரைக்கும் ஊராட்சித் தேர்தல் என்று ஒன்று நடந்ததே கிடையாது. டெல்லிக்கும் சென்னைக்கும் ஆள் அனுப்ப ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், வெயிலில் வரிசை நின்று மை வைத்துக்கொண்டு வந்து விரலை நாலு நாளைக்குக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். ஆனால் சொந்த ஊருக்குத் தலைவர் யார் என்பதற்கு மட்டும் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை, முத்திரையும் வேண்டியிருக்கவில்லை. அய்யனார் கோயில் பொட்டலில் ஊர் கூடும், கோயில் வேலைச் செலவை ஏற்றுக்கொண்டு இந்தத் தடவை யார் தலைவராவது என்று பேச்சு வரும், தனுக்கோடி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நிற்பார், மாலை விழும், வேறு ஒருத்தரும் மனுப் போடக்கூடாது என்று பூசாரி எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசிவிடுவார், ஒரு தேங்காய் உடையும், அவ்வளவுதான், முடிந்தது தேர்தல். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அப்படித்தான் போட்டியே இல்லாமல் அன்னபோஸ்டாக வந்தார். அந்தக் குடும்பத்தில் அன்னபோஸ்ட் என்பது ஒரு பட்டம். தனுக்கோடிக்கு அதிகாரியிடம் பேசத் தெரியும், அண்ணன் தம்பி வரப்புச் சண்டையைத் தீர்க்கத் தெரியும், யார் வீட்டுக் கல்யாணத்தில் யாரை முதலில் உட்காரவைக்க வேண்டும் என்று தெரியும். ஓட்டுக் கேட்க மட்டும் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லையே!

அதற்காக அவரைக் கெட்ட மனுசன் என்று நினைத்துவிடாதீர்கள். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். ஊருணி வற்றி, கிணறெல்லாம் உப்புக் கரித்து, ஊரே நாக்கு வறண்டு கிடந்தபோது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தெருவுக்குத் தெரு குழாய் நட்டவர் அவர்தான். ரிப்பன் வெட்டிய அன்றைக்கு ஒரு வாளித் தண்ணீர் வந்தது. மறுநாள் புஸ்ஸென்று காற்று வந்தது. அப்புறம் காற்றும் நின்றது. நட்ட குழாயை ஊர் சும்மா விடுமா? ஒன்றில் ஆட்டைக் கட்டினார்கள், ஒன்றில் கொடிக்கயிறு இழுத்துத் துணி காயப்போட்டார்கள், தனுக்கோடி வீட்டு வாசலில் நின்ற குழாயில் அவர் வீட்டுச் செவலைக் கன்றுக்குட்டியையே கட்டினார்கள். பெண்கள் எப்போதும் போல தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு, பொழுது கிளம்பும் முன்னே கிளம்பி, பக்கத்து ஊர் ஊற்றுக்குப் போய்க் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் திரும்பி வந்தார்கள்.

அந்த வண்டிக்காரிகளில் ஒருத்தி முத்திருளாயி. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது அவளுக்குத் தொழில். புருசன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். கரிப்புகை ஏறி ஏறிக் கண் எந்நேரமும் சிவந்திருக்கும், அதனால் அவள் சாதாரணமாகப் பார்த்தாலே முறைக்கிற மாதிரி இருக்கும். கிராமசபைக் கூட்டத்தில் எல்லாரும் தீர்மானத்தில் கைநாட்டு வைத்துவிட்டு மிக்சர் பொட்டலத்துக்குக் காத்திருக்கையில் இவள் எழுந்தாள்.

"தலைவரே, நட்ட கொழாயில தண்ணி எப்ப வரும்?"

"மேல எழுதியிருக்குத்தா. வரும்."

"போன கூட்டத்துலயும் இதத்தான சொன்னீக?"

தனுக்கோடிக்கு அன்றைக்குக் கொஞ்சம் உற்சாகம். நாலு பேர் சிரிக்கட்டும் என்று, "இம்புட்டுப் பேசுறவ, அடுத்த எலெக்சன்ல நீயே நின்னு கொண்டாந்துரு" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முத்திருளாயி சிரிக்கவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தேர்தல் அறிவித்ததும் பொட்டலில் ஊர் கூடியது, மாலை வந்தது, பூசாரி திருநீற்றுத் தட்டோடு ஒவ்வொரு நெற்றியாக வந்தார். முத்திருளாயி நெற்றியை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அண்ணன்தான் நிக்கச் சொன்னாக" என்றாள். மறுநாள் ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறி மனுவைப் போட்டுவிட்டும் வந்தாள். கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானமேறி வைகுண்டம் போறாளாம் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். தனுக்கோடியும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா உட்கார்ந்த நாற்காலி, தான் உட்கார்ந்த நாற்காலி, அது போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வந்தது.

சின்னம் ஒதுக்கினார்கள். தனுக்கோடிக்குப் பூட்டு சாவி. முத்திருளாயிக்குத் தண்ணீர்க் குழாய். "வராத கொழாய்க்கு ஒரு ஓட்டு!" என்று இளவட்டங்கள் கத்திக்கொண்டு திரிந்தார்கள். தனுக்கோடி டவுனிலிருந்து பெயிண்டரைக் கூட்டிவந்து, தன் வீட்டு மதிலில் ஆளுயரத்துக்குப் பூட்டும் சாவியும் வரையச் செய்தார். பெயிண்ட் அப்படிப் பளபளத்தது. முத்திருளாயியிடம் பெயிண்டுக்கு வழியில்லை, நோட்டீசுக்கு வழியில்லை. கரி இருந்தது. மூட்டத்திலிருந்து நல்ல கெட்டிக் கரியாக நாலைந்தை முந்தியில் முடிந்துகொண்டு, வீடு வீடாகப் போய், "மதினி, ஒங்க சுவத்துல வரஞ்சுக்கிறட்டா?" என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள். படம் வரைய அவளுக்கு எங்கே தெரியும்! கோணல் தண்டு, கோணல் மூக்கு, மேலே திருகுகிற பிடி, மூக்குக்குக் கீழே ஒரு சொட்டு. அந்தச் சொட்டை மட்டும் நெடுநேரம் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

முதலில் வரைந்தது மயிலாத்தா வீட்டுச் சுவரில். விடிந்து பார்த்தால் சுவரடியில் ஈரம். மயிலாத்தா பக்கத்து வீட்டு நாயைச் சந்தேகப்பட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்துத் திரும்பும்போதுதான் சொட்டு விழுவதைப் பார்த்தாள். கரிக்குழாயின் பிடியில் விரலை வைத்துத் திருகினாள், தண்ணீர் வந்தது. சுவரிலிருந்து, கோணல் மூக்கு வழியாக, பெருவிரல் தண்டிக்கு, கண்ணாடியாட்டம் வந்தது. மயிலாத்தா ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தாள், உப்பில்லை. திருகி மூடினாள், நின்றது. அப்புறம் வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஏ புள்ள, வண்டிய எடுக்க வேணாம், கொடத்தக் கொண்டா!"

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊரில் முத்திருளாயி வரைந்த சுவரெல்லாம் சுரந்தது. யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, சூடம் கொளுத்தவில்லை. வந்துருச்சா, சரி, யாரு முதல்ல வந்தது, அந்தப் பச்சைக் குடம் யாரது, வரிசையில வை என்றுதான் பேச்சு. பேப்பர்காரர் ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து, சுவரில் எப்படித் தண்ணீர் வருகிறது என்று மயிலாத்தாவைக் கேட்டார். "நட்ட கொழாயில ஏன் வரலைன்னு இத்தன வருசமா ஒருத்தரும் வந்து கேக்கல, வர்ற கொழாயில ஏன் வருதுன்னு மட்டும் கேக்க வந்துட்டீகளாக்கும்" என்றாள் அவள். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஊர் வெகு சீக்கிரமாகப் பழகிக்கொண்டது. சுவரில் முதுகு சாய்த்து உட்காரும் ஆம்பிளைகளுக்குத் திட்டு விழுந்தது, சட்டை உரசிக் கரி கலைந்தால் குழாய் ஒழுகும். ஆடுகள் சுவரை நக்கக் கற்றுக்கொண்டன, ஆகவே குழாய்க்கு முள்வேலி போட்டார்கள். தாங்களும் வரைந்து பார்த்தவர்கள் உண்டு. டிராயிங் படித்த மாப்பிள்ளை ஒருவர் அளவெடுத்து அச்சாக ஒரு குழாய் வரைந்தார், அதில் ஒரு பொட்டுக்கூடக் கசியவில்லை. முத்திருளாயி கை பட்டால்தான் வரும் என்று ஊருக்கு விளங்கிப்போயிற்று. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியில் லேசாகக் கருவேலம் புகை வாசம் அடித்தது, ரெண்டே நாளில் அந்த வாசம் இல்லாத காப்பி இறங்கவில்லை. சாத்தையா என்கிறவனுக்குப் பனையோலைக் குடிசை, சுற்றிலும் வேலிதான், சுவரென்று ஒன்று கிடையாது. அவன் செங்கல் வாங்கி முற்றத்துக்கு நடுவில் ஒற்றைச் சுவரை மட்டும் கட்டினான். வீட்டைக் காணோம், வாசலைக் காணோம், கூரையைக் காணோம், குழாய்க்கென்று ஒரு சுவர் தன்னந்தனியாக நின்றது, அதில் முத்திருளாயி கொஞ்சம் பெரிதாகவே வரைந்து கொடுத்தாள். தும்பியேந்தலுக்குப் பொண்ணு குடுத்தா வண்டி தள்ளியே இடுப்பு ஒடிஞ்சுபோகும் என்று சொல்லிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வெற்றிலைபாக்கோடு ஆட்கள் வந்து பையன்களை விசாரித்தார்கள். குடம் சுமந்த பெண்களுக்குக் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல், கொஞ்ச நாளைக்கு வெறுமனே வாசலில் நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் முழுக்கச் சுரந்தது, தனுக்கோடி வீட்டைத் தவிர. அந்த மதிலில்தான் பூட்டு தொங்குகிறதே! அவர் பெண்சாதி வேலம்மா ரெண்டு நாள் பொறுத்தாள், மூன்றாம் நாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மயிலாத்தா வீட்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

"எதிராளி சுவத்துல போயி நிக்கிறியே, மானம் போச்சேடி!" என்று தனுக்கோடி குதித்தார்.

"ஒங்க மானத்த ஊத்தியா அரிசி களைய?" என்றாள் வேலம்மா. "ஒண்ணு, நம்ம மதில்ல ஒரு கொழா வரைய விடுங்க. இல்லாட்டி நான் நிக்கிறதப் பாத்துக்கிட்டுப் பேசாம இருங்க."

அன்றைக்கிருந்து தனுக்கோடி அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. வீம்பு! கடையில் சோடா வாங்கிக் குடித்தார், உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். கூட இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஓட்டுக்குப் பொருள் கொடுத்தால் குற்றம், தண்ணீர் பொருளில்லையா, புகார் எழுதுங்கள் என்று தூபம் போட்டார்கள். சரிதான் என்று ஒன்றிய அலுவலகத்தில் ஒரு புகாரைக் கொடுத்துவிட்டு வந்தார். தேர்தல் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சுவர் சுவராகப் பார்த்தார், திருகினார், மூடினார், சொட்டை விரலில் ஏந்தி முகர்ந்தார், கடைசியில் சாத்தையா சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ரெண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு தனுக்கோடியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மா குடுக்கிறதா இருந்தா எல்லாருக்கும் குடுக்குது. வரிசையில உங்க வீட்டம்மாவும் நிக்கிறாங்க. இதை லஞ்சம்னு எழுத முடியாது."

"அப்ப வுட்டுருவீகளா?"

"பிரச்சாரம் முடியிற சாயங்காலத்துக்குள்ள சுவர்ல இருக்கிற சின்னம் எல்லாம் அழிச்சிருக்கணும். அது விதி. புகார் வரலைன்னா நான் கண்டுக்காமப் போயிருவேன். எழுதிக் குடுத்துட்டீங்க, இனிமே சுண்ணாம்பு அடிச்சுத்தான் ஆகணும். உங்க பூட்டையும் சேர்த்துத்தான்."

ஜீப் கிளம்பும் முன்னே சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. அழித்தால் தண்ணீர் போச்சு, அழிக்கச் சொன்னது தனுக்கோடி! டீக்கடையில் அவருக்கு டீ வரத் தாமதமாயிற்று. முடி வெட்டுகிறவர், கத்தி தீட்டணும் தலைவரே, நாளைக்கு வாங்க என்றார். அவர் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது, தாண்டிப் போனதும் மறுபடி கிளம்பியது. வேலம்மா சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலி போகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. இனி ஒரே வழிதான், வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கவேண்டும்.

கேட்கப் போனாரய்யா, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! முதல் வீட்டில் நின்று "சோறு தின்னாச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ரெண்டாவது வீட்டில் மழை பெய்யுமா என்று கேட்டார். ஓட்டு என்கிற வார்த்தை மட்டும் தொண்டையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றது. ஒரு கிழவர், "என்ன தனுக்கோடி, பணம் கிணம் கைமாத்து வேணுமா?" என்று பரிதாபமாக விசாரித்தார். இப்படியே தெருத்தெருவாக வெயிலில் வேட்டி நனைய அலைந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று பார்க்காமலே ஒரு வேப்பமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தால் முத்திருளாயி.

"என்னண்ணே, மூஞ்செல்லாம் இப்படி வெளிறிக் கெடக்கு?" என்று அவள் சொம்பை நீட்டினாள். வீம்பாவது ஒன்றாவது! வாங்கினார், அண்ணாந்தார், ஒரே மூச்சில் குடித்தார். உள்ளே இறங்கிய தண்ணீரில் புகை வாசம் அடித்தது. இந்தத் தண்ணியையா இத்தன நாளா வேண்டாம்னு இருந்தோம் என்று அவருக்கே தன்மேல் கோபம் வந்தது.

"ஓட்டுக் கேக்க வந்தேன்" என்றார். வந்துவிட்டது, வார்த்தை வந்துவிட்டது, அதுவும் எதிராளி வாசலில்.

"கேளுங்கண்ணே."

"கேட்டுட்டன்லத்தா."

"சரி, யோசிக்கிறேன்" என்றாள் முத்திருளாயி. அவள் கிண்டல் செய்கிறாளா என்று பார்த்தார், கிண்டலே இல்லை. "நான் ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்க மதில்ல வரஞ்சுக்கிறவா?"

"எம் மதில்லயா?"

"நீங்க எங்கிட்ட ஓட்டுக் கேக்கலாம், நான் ஒங்ககிட்ட சுவரு கேக்கக் கூடாதா? மதினி நெதம் கொடத்தத் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் வருது, பாவமா இருக்குண்ணே."

தனுக்கோடி சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாக, "நான் போயி அந்தப் புகாரத் திருப்பி வாங்கிட்டு வந்துர்றேன். தண்ணி பாட்டுக்கு வரட்டும்" என்றார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புகார் போனால் குழாய் அழியாது, குழாய் அழியாவிட்டால் ஓட்டெல்லாம் குழாய்க்கு, நாற்காலி அதோடு போச்சு. தெரிந்துதான் சொன்னார்.

முத்திருளாயி தலையை ஆட்டினாள். "வேணாம்ணே. விதின்னா எல்லாத்துக்கும் விதிதான. ஒங்க பூட்ட அழிக்கச் சொல்லிட்டு எங் கொழாய வச்சிருந்தா, அது ஜெயிச்சதாகுமா? சுண்ணாம்ப நானே அடிச்சிர்றேன்."

பிரச்சாரத்தின் கடைசி நாள் மத்தியானம், முத்திருளாயி ஒரு கையில் சுண்ணாம்பு வாளியும் ஒரு கையில் மட்டைத் தூரிகையுமாகக் கிளம்பினாள். ஊர் அவள் பின்னாலேயே திரண்டது. முதலில் கெஞ்சினார்கள், அப்புறம் ஏசினார்கள். மயிலாத்தா சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஓட்டெல்லாம் ஒனக்குத்தாண்டி, சத்தியம் பண்ணித் தர்றோம், தண்ணிய நிப்பாட்டாத" என்றாள்.

"அதுக்குத்தாண்டி அழிக்கிறேன். தண்ணிக்குப் போட்ட ஓட்டு எனக்கு எதுக்கு?"

"ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? சாமி குடுத்தத எவளாச்சும் அழிப்பாளா?"

"எங் கை இருக்க மட்டுந்தான் இது வரும் மயிலு. நாளைக்கே நான் மண்டையப் போட்டா? மறுபடியும் வண்டியா? எங் கைய நம்பி ஊரு இருக்கக் கூடாது. நட்டு வச்சிருக்கே தெருவுல, அந்தக் கொழாயில வரணும். அது வரணும்னு கேக்கத்தான் நான் நின்னேன். சுவத்துல வருதுன்னதும் அதக் கேக்கவே எல்லாரும் மறந்துட்டோம், நானுந்தான்."

மயிலாத்தாவை ஓரமாக நகர்த்திவிட்டு, கடைசியாக ஒரு குடம் பிடித்து அவளிடமே கொடுத்துவிட்டு, சுண்ணாம்பைத் தோய்த்து இழுத்தாள். கோணல் மூக்கு மறைந்தது, பிடி மறைந்தது, சொட்டு மட்டும் கொஞ்சம் தகராறு செய்தது. அதையும் மேலே ஒரு இழுப்பு இழுத்தாள். சுவர் வெள்ளையாயிற்று, அடியில் இருந்த ஈரம் வெயிலில் காய்ந்துபோயிற்று. சாத்தையா தன் ஒற்றைச் சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அழுதான். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆனாலும் ஒருத்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாளா என்றால் இல்லை. அழித்தவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது, அது எப்போதும் சிவந்த கண்தானே, புகையா அழுகையா என்று யார் கண்டார்?

தனுக்கோடி ஆட்கள் அவரிடம் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "அவளே அவ தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டா தலைவரே! ஊரே கொதிக்குது, அம்புட்டு ஓட்டும் பூட்டுக்குத்தான்! நேரம் இருக்கு, மைக்குல நாலு வார்த்த பேசுங்க, முடிஞ்சுது கதை!" ஆட்டோவும் மைக்கும் தயாராக இருந்தது. ஏற்றிவிட்டார்கள். ஊர் மொத்தமும் கோயில் பொட்டலில்தான் கூடிக் கிடந்தது, கோபத்தோடு கிடந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், நாற்காலி திரும்ப வந்துவிடும். அவர் பார்வை கூட்டத்தைத் தாண்டிப் போயிற்று. தெருக்கோடியில் முத்திருளாயி வாளியைக் கவிழ்த்துவைத்து, சுண்ணாம்பு பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். கைகழுவ அவளுக்கும் தண்ணீர் இல்லை.

தொண்டையைச் செருமினார். கழுத்தில் மாலை விழப்போகிற நேரத்தில் செருமுவாரே, அதே செருமல்.

"எனக்கு ஓட்டுக் கேக்கத் தெரியாது" என்றார். மைக் கொஞ்சம் கிரீச்சிட்டது. "அதனால உள்ளதச் சொல்றேன். நான் தெருவெல்லாம் கொழா நட்டேன், தண்ணி கொண்டாரல. கன்னுக்குட்டியக் கட்டிவச்சேன். அந்தப் புள்ள தண்ணி கொண்டாந்துச்சு. கொண்டாந்ததோட, அத வச்சு ஒங்கள வெலைக்கு வாங்கிறக் கூடாதுன்னு தன் கையாலயே நிப்பாட்டுச்சு. எனக்குக் கொண்டாரவும் தெரியல. கொண்டாந்திருந்தா, நிப்பாட்டுற தைரியமும் எனக்கு இருந்திருக்காது. இதுக்கு மேல ஒங்க இஷ்டம்."

மைக்கை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். ஆட்களெல்லாம் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு நடந்துபோய், தன் மதிலிலிருந்த பூட்டையும் சாவியையும் தானே சுண்ணாம்படித்து அழித்தார். நல்ல பெயிண்டாயிற்றே, லேசில் மறையவில்லை, வேலம்மாவும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு வந்து கூட நின்று அடித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். "நல்லாப் பேசுனீக" என்றாள்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்குத் தும்பியேந்தலே பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. எல்லாச் சுவரும் வெள்ளை வெளேரென்று இருந்தது, பொங்கல் வந்துவிட்ட மாதிரி. வாக்குச்சீட்டில் மட்டும் குழாயும் பூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சீட்டில் இருந்த குழாயை விரலால் திருகிப் பார்த்தவர்கள் உண்டு, வரவில்லை, முத்திரையைக் குத்தி மடித்துப் போட்டார்கள். தனுக்கோடியும் போட்டார். எதில் குத்தினார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கக்கூடாது.

எண்ணி முடித்தபோது முத்திருளாயி ஜெயித்திருந்தாள். மண்ணை வாரித் தூற்றிய கையெல்லாம் குழாயில்தான் குத்தியிருந்தது. திரும்பவும் எண்ணச் சொல்லலாம் என்று ஆட்கள் தனுக்கோடியின் காதைக் கடித்தார்கள், அவர், "எத்தன தடவ எண்ணுனாலும் அது கொழாதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பூட்டுச் சாவிச் சின்னத்தில் நின்று தோற்ற மனுசன், ஊராட்சி அலுவலகத்துச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அந்தக் கை இன்னும் கரியாகத்தான் இருந்தது, சாவியிலும் ஒட்டிக்கொண்டது.

பதவி ஏற்றதும் ஊர் கேட்ட முதல் கேள்வி, மறுபடி எப்பத்தா வரைவ என்பதுதான். "வரைய மாட்டேன்" என்றாள் முத்திருளாயி. "எல்லாரும் வெறுங் கொடத்தோட பஸ்ஸேறுங்க." தனுக்கோடி வாசலிலும் வந்து நின்றாள். "அண்ணே, எந்த ஆபீசு, எந்த ரூமு, யாரு மேசையில நம்ம கடுதாசி தூங்குதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். வாங்க." தோற்றவரைக் கூப்பிடுகிறாளே! அவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அலுவலகத்து வராந்தாவில் குடங்கள் வரிசை பிடித்தன, அவர் கதவுகளைக் காட்டினார், அவள் அந்தச் சிவந்த கண்ணோடு ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நின்றாள். அவர்களுக்கும் அவள் முறைக்கிற மாதிரிதான் தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆவதற்குள் ஒரு பொறியாளர் எழுந்து, அடைப்பு எங்கே என்று பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னார். அனுப்பும் வரைக்கும் இருக்கிறோம் என்று குடங்களைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னே ஆள் புறப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

மறுநாள் காலையில் வேலம்மா வாசல் பெருக்க வந்தாள். குழாய் அப்படியேதான் நின்றது, சொட்டுத் தண்ணீர் வந்திருக்கவில்லை. தனுக்கோடி செவலைக் கன்றுக்குட்டியைக் குழாயிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிறு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். கன்றை வேப்பமரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, குழாயைச் சுற்றிக் கிடந்த சாணியை ஒரு சில்லால் சுரண்டி எடுத்தார்.

"என்ன, கன்ன மாத்திக் கட்டுறீக?" என்று கேட்டாள்.

"தண்ணி வர்ற எடத்துல கன்னக் கட்டலாமா?" என்றார்.